மூன்றாம் பூச்சு

திருக்கடலூர்க் கரையில்
புரட்டாசி வெயிலுக்கு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டோம்.
போன வாடையில் ஊதி
சோளகத்தில் வெடித்த பலகை.
சூசைதாசன் அரத்தாள் போட்டுத் தேய்க்க
சாம்பல் சாம்பலாய் உதிர்ந்தது.

நஸ்லிமின் ஹாட்வெயாரில் ஆளிவிதை எண்ணெய்;
ஒரு போத்தல், இரண்டு நாள் சூடை மீன் காசு.
அதற்குள் புன்னை எண்ணெய் கொஞ்சம் கலந்து
இளஞ்சூட்டில் பூசினேன்.
குடித்தது, குடித்தது,
அறுத்த தலைப்புகள்தான் பெருங்குடி.
"உன் அண்ணன் மாதிரி" என்றான்.
தூரிகையை அவன் முதுகில் துடைத்தேன்.

நாலாம் நாள் இரண்டாம் பூச்சு.
மிஞ்சியதைத் துடைக்கத்
தேர்தலுக்குத் தந்த ரீசேட் இரண்டு.
சுருட்டி
பழைய பால்மாப் பேணிக்குள் அமத்திவிட்டுப் படுத்தோம்.

சாமத்தில் கருகல் மணம்.
விளக்கில்லை, அடுப்பு அணைந்து கிடக்கிறது,
அவன் பீடியை விட்டது போன தவக்காலம்.
பேணிதான்.
மூடியைத் தட்டினால்
வேட்பாளரின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு
மெல்லப் பெருத்துக்கொண்டு வருகிறது.
யாரும் கொளுத்தாத கொள்ளி.

தண்ணிக்குப் பயந்து வாங்கியதைத்
தண்ணி ஊற்றி அணைத்தோம்.
ஓலைக்கூரையை அண்ணாந்து பார்த்தபடி
விடியும்வரை இரண்டுபேரும் பேசவில்லை.

மூன்றாம் பூச்சன்று
துடைத்த துணிகளை ஒவ்வொன்றாய் விரித்து
கொடியில் காயப்போட்டேன்.
பக்கத்து வாடி பிலோமினா கேட்டாள்:
"மெற்றில்டா, இதுதான் நீ வெளுக்கிற வெளுப்போ?"
ஓமென்றேன்.

எண்ணெய் ஒரு சிரட்டைக்குக் குறைந்துபோனது.
பரவாயில்லை என்றோம்.

ஐப்பசி ஏழு.
கோணேசர் மலைப் பக்கமிருந்து இறங்கிய முதல் மழை
அணியத்தில் விழுந்து
முத்தாய் உருண்டு
கொஞ்சம் யோசித்து
வழிந்து போனது.
சிறுபிள்ளைபோல் கை தட்டினான்.

பிறகுதான் கண்டேன்:
குறுக்குப் பலகையில்
உள்ளங்கையளவு ஓரிடம் மட்டும்
கறுத்துக்கொண்டு வருகிறது.

ஈர மரத்தில் எண்ணெய் ஏறாது.
இனித் தை பிறந்து வெயில் காணவேண்டும்.
"அதுவரைக்கும்" என்றான்,
சாரத்தை மடித்துக் கட்டி
மழைக்குள் வள்ளத்தில் ஏறி,
"அதுக்கு மேலே நான் குந்தியிருக்கிறன்."