கதவு என்றால் கரண்டி

மூளையில் இரத்தம் அடைத்த நாளிலிருந்து
என் வாயில் கரண்டி இல்லை.
மேசையில் இருக்கிறது. கண் பார்க்கிறது.
வலக்கை சோர்ந்துபோனதால்
கஞ்சி குடிக்க இடக்கைக்கு அது வேண்டும்.
"கதவு" என்கிறேன்.

யூரியா என்று சொல்ல முடிகிறது.
உரக்கடையில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதினேன்,
யூரியாவுக்கு என்ன வந்தது?
தெளிவாக வருகிறது, ஒன்றுக்கும் உதவாமல்.

போதனா வைத்தியசாலையில்
செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சி.
ருஸ்னா மிஸ் தாளில் இரண்டு கலம் கீறினா,
வேர்விட்ட வெங்காயம் இரண்டு போல.
"இது ரெண்டும் தொட்டுக்கொள்றதில்ல.
நடுவில ஒரு இடைவெளி இருக்கு.
செய்தி அதைக் கடந்துதான் போகணும்.
கடக்கக் கடக்கத் துறை அகலமாகும்.
கடக்காட்டி, புல் முளைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
மண்டூரானுக்கா இதைச் சொல்கிறா?
நான் வந்ததே பாதையில்.
எங்கள் பக்கம் பாதை என்பது
மண்ணில் கிடப்பதல்ல, தண்ணீரில் போவது:
இரும்புத் தட்டு, இருமுகிற எஞ்சின்,
எட்டு மோட்டார்சைக்கிள், ஒரு கன்று,
நெல்மூட்டைக்கு மேலே நான்.
குருமண்வெளிக் கரையில் ஆள் நின்றால்தான்
அங்கிருந்து திரும்பும்.
ஆளில்லாத நேரத்தில்
இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கும்.

இவ்வளவையும் சொல்ல நினைத்தேன்.
"பா" வரை வந்தது.

"ஊகிச்சுச் சொல்லாதீங்க" என்றா மிஸ்.
"பிழையான சொல்லும் ஒரு பயணந்தான்.
அதுவும் தடம் போடும்."

பசி இதையெல்லாம் கேட்குமா?
வீட்டில் கதவு, கதவு என்றேன்.
முதல் கிழமை
தவமலர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள்.
காற்று வந்தது, கஞ்சி ஆறியது.
அடுத்த கிழமை நின்று யோசித்தாள்.
மார்கழி முடிவதற்குள்
நான் "க" என்று இழுக்கும்போதே
கரண்டி கோப்பைக்குள் கிடந்தது.
மிஸ் கீறிய தாள் என் சட்டைப் பையில்;
தடம் விழுந்தது அவளுடைய தலையில்.

நேற்று மத்தியானம் நல்ல மழை.
வாசலை அடைத்திருந்தோம்.
யாரோ தட்டினார்கள்.
யன்னலால் பார்த்தேன்: குடையில்லாத தபால்காரன்,
கடிதப் பையை வயிற்றோடு அணைத்தபடி.
நான் கதவைப் பார்த்தேன்.
மூன்று மாதத்தில் முதல் தடவையாக
சரியான பொருளுக்குச் சரியான சொல்,
முழுசாக, பிசகில்லாமல்:
"கதவு."

அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் தவமலர்,
கையில் கரண்டியோடு.

வாங்கிக்கொண்டேன்.
தபால்காரன் தட்டிக்கொண்டே இருந்தான்.