கோழி திரும்பி வரும் பக்கம்

இருநூற்றேழாம் அறைக்காரர்கள் விட்டுப்போனவை:
அரை பாட்டில் கடுகெண்ணெய்,
கம்பளிக் காலுறை ஒன்று (வேலூரில்!),
அப்புறம் இந்தப் புத்தகம்.
ஒரு மாதம் எடுத்துவைத்தேன். யாரும் கேட்கவில்லை.
லாட்ஜ் வழக்கப்படி இனி அது ரிசப்ஷனுடையது,
அதாவது இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
என்னுடையது.

அட்டையில் ஒரு காளானுக்குக் கதவு வைத்திருக்கிறார்கள்.
உள்ளே ஒருத்தி
குட்டிச்சனங்களுக்குத் தபால் ஆபீஸ் நடத்துகிறாள்.
வெளியே பனி.
அவள் அடுப்பில் எந்நேரமும் ஏதோ ஒன்று கொதிக்கிறது.

இங்கே மே மாதம்.
பாலாற்றில் மணலும் வெந்துவிட்டது.
கோட்டை மதில் நள்ளிரவு தாண்டியும்
பகலில் வாங்கிய வெயிலை
வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது.
டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து
பனிப்பொழிவை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.
என் இங்கிலீஷ் ஓர் இரவுக்கு ஐந்து பக்கம் ஓடும்.

பகல் டூட்டி அருளப்பன் சிரிப்பான்:
"பி.காம். படிச்சுட்டுப் பேய்க்கதையா?"
பேய் இல்லை அருளப்பா.
பேய் நம் ஊரிலேயே உண்டு.
கஸ்பாவிலிருந்து இருட்டில் கறிக்குழம்பு எடுத்துப்போனால்
தூக்கில் ஒரு கரித்துண்டு போடச் சொல்லும்
என் அம்மா சாட்சி.
இவர்கள் வேறு ரகம்.
வாசலில் கிண்ணம் பால் வைத்தால் போதும்,
விடிவதற்குள் துணி மடித்து வைத்திருப்பார்கள்.
நன்றி மட்டும் சொல்லிவிடாதே, கோபம் வரும்.
இரும்பு காட்டாதே.
பெயரைச் சொல்லவே சொல்லாதே,
சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

நான் இரவெல்லாம் பெயர் கேட்கிறவள்.
பெயர், ஊர், ஆதார் நகல்,
நோயாளிக்கு என்ன உறவு,
எத்தனை நாள் தங்குவீர்கள்.
கடைசிக் கேள்விக்கு
எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்,
எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

நேற்று இரண்டேகால் மணிக்கு
முன்னூற்று நாலு இறங்கி வந்தாள்.
ஷெஃபாலி மோண்டல், மால்டா.
புருஷனை ஆறரைக்கு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள்.
ஃப்ளாஸ்கில் வெந்நீர் பிடித்த பிறகும்
போகாமல் நின்றாள்.
அட்டையைக் காட்டி என்ன கதை என்றாள்.
எனக்கு வீட்டில் உருது, அவளுக்கு வங்காளம்,
நடுவில் இந்தி,
இரண்டு பேருக்கும் அளவு சேராத செருப்பு.

"யாராவது செத்துப்போவார்களா?"
"இல்லை. ஒரு கோழி காணாமல் போகும்."
"அப்புறம்?"
"நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் திரும்பி வந்துவிடும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சொன்னேன்.
கோழியைத் தூக்கிப்போனது வெள்ளிக் காதுக்காரன் ஒருவன்.
மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் தருவேன் என்கிறான்.
மூன்றுதான், நாலாவது கிடையாது.
ஏமாற்றப் பார்ப்பான்,
ஆனால் பொய் சொல்ல மாட்டான்,
அது அவர்கள் குலத்துக்கே ஆகாது.

ஷெஃபாலி ஃப்ளாஸ்கைத் தரையில் வைத்தாள்.
"பொய் சொல்லவே மாட்டானா?"
"மாட்டான்."
"பேரம் முடிந்தால் முடிந்ததுதானே?
மறுபடி வந்து இன்னொன்று கேட்க மாட்டானே?"
"கேட்க மாட்டான்."
எதிரே மருந்துக்கடையின் பச்சை விளக்கு
அணைந்து எரிந்து அணைந்தது.
அதுவரை நான்
பனிக்காகப் படிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

போகும்போது புத்தகத்தைக் கேட்டாள்.
"இங்கிலீஷ் தெரியாது.
பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்."

இன்று பத்து மணிக்கு வந்தேன்.
முன்னூற்று நாலின் சாவி ஆணியில் தொங்குகிறது.
அருளப்பன் கையெழுத்து:
காலி, மாலை 4.40, பாக்கி இல்லை.
யாரோடு போனாள், முகம் எப்படி இருந்தது,
அதற்கெல்லாம் ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.
போன் போட்டுக் கேட்டேன்.
"ஒரே கூட்டம்மா, கவனிக்கல."

புத்தகம் மேஜைமேல் இருந்தது.
கோழியின் படத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.
அந்தப் பக்கத்தில்
சேலை ஊக்கு ஒன்று குத்தியிருந்தது.
இரும்பு.
காவலுக்கா, அடையாளத்துக்கா,
மூன்று கேள்வியில் ஒன்றாக இதை வைத்தால்
எனக்குப் பதில் தெரியாது.

கழற்றவில்லை.
காட்பாடியில் வண்டி வந்திருக்கும், ஆட்டோ சத்தம்.
யாரோ பெட்டியைப் படியில்
இடித்து இடித்து ஏற்றுகிறார்கள்.