கடுகுரோகிணி: குறுக்குவெட்டு

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி.
ஏட்டு தேசிங்கு மேசைமேல் வைத்துவிட்டு
மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார்.
அரக்கு வைத்த பொட்டலம்.
உள்ளே எலிவால் கனத்தில்
பதினேழு வேர்த்துண்டு.

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
அமானுல்லா கடைச் சரக்கு.
வாங்கியவள் கொட்டையூர் அஞ்சுகம்.
ஆற்றில் புதுத்தண்ணி வந்த மாசம், மஞ்சள் காமாலை.
கஷாயம் குடித்த ராத்திரி
நாடி முப்பத்தெட்டுக்கு இறங்கிப்போய்
பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.
அமானுல்லா ஸ்டேஷனில்.

சப்-இன்ஸ்பெக்டர் பழைய அகராதி ஒன்றைப் புரட்டியிருக்கிறார்.
கடுகுரோகிணி: ஹெல்லிபோர்.
ஹெல்லிபோர்: நஞ்சு.
கேஸ் முடிந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி,
என்னுடையது.

ஹெல்லிபோர் இந்த ஆற்றை அறியாது.
பனியைத் துளைத்துக்கொண்டு பூக்கிற செடி.
இதழென்று தெரிவது இதழில்லை, புல்லி.
நிஜ இதழ்கள் சுருண்டு
தேன் வைக்கும் குழல்களாகக் குறுகிவிட்டன.
காய் முற்றினாலும் புல்லி உதிராது,
பந்தி முடிந்தும் கிளம்பாத சம்பந்தி மாதிரி.
அந்தச் சீமையில் பைத்தியத்துக்குக் கொடுத்தார்கள்,
குடல்புழுவுக்குக் கொடுத்தார்கள்,
மாட்டின் காதைத் துளைத்து வேரைச் செருகினார்கள்.
பிழைத்தவர்கள் மருந்து என்றார்கள்.
மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடுகுரோகிணியும் நம்மூர்க்காரியில்லை.
இமயத்துப் பாறையிடுக்கில் பிறந்து
நாலு லாரி மாறி
இழுப்பறைக்குள் வந்து படுக்கும் வேர்.
சட்டை முதுகோடு ஒட்டிய ஏதோ ஒரு துரை
சொல் பொறுக்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில்
முன்ஷி இதை நீட்டியிருப்பார்.
கறுப்பு. கசப்பு. பேதியாகும்.
துரைக்குத் தன் அம்மாவின் தோட்டம் ஞாபகம் வந்திருக்கும்.
அவ்வளவுதான். மை காய்ந்துவிட்டது.

ஊறவைத்தேன். பிளேடால் சீவினேன்.
சஃப்ரானின் ஒரு சொட்டு.
ஓரத்தில் தக்கை, இருபது அடுக்குக்கு மேல்.
அடுத்துப் புறணி.
அதற்குள் குழாய்க் கற்றைகள் வட்டமாக.
நடுவில் மாவுமணிகள் நிறைந்த சோறு.
அலமாரியிலிருந்த ஹெல்லிபோர் வேர் ஸ்லைடை எடுத்து
மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.
அதன் நடுவில் நட்சத்திரம்.
இதில் இல்லை.

விதிப்படி கூடாது. ஆனாலும்
சாயம் படாத ஒரு சீவலை நாக்கில் வைத்தேன்.
எரியவில்லை. மரத்துப்போகவில்லை.
கசந்தது. காது வரைக்கும் கசந்தது.
மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயும்
அப்புறம் கசந்தது.

பதினாறு வரை அதே வட்டம்.

பதினேழாவது கொஞ்சம் வெளுப்பு.
பிளேடு பட்டதும் பிசுபிசுத்தது.
வட்டமில்லை, நடுவில் கெட்டியான கட்டை.
புறணியில் பால்குழல்கள்.
இதற்கு அகராதி வேண்டாம்.
கொட்டையூரில் கொல்லைக்குக் கொல்லை பூக்கிறது,
விடிந்தால் சாமிக்குப் போகிறது.
அரளி.

மகஜரை இன்னொரு தரம் படித்தேன்.
பொட்டலம் எடுத்தது கடையில் இல்லை,
அஞ்சுகத்தின் அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பின்னால்.
கடைக்கும் அடுப்புக்கும் நடுவில்
ஒரு கை இருந்திருக்கிறது.
அவள் கையாகவும் இருக்கலாம்.

படிவத்தில் ஒரே கேள்வி:
மாதிரி ஹெல்லிபோர்தானா?
இல்லை என்று எழுதினேன்.
அமானுல்லா சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்.
அதற்குக் கீழே "குறிப்பு",
மூன்று அங்குலம் காலியிடம்.

தேசிங்கு கடிகாரத்தைப் பார்த்தார்.
"அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சாச்சா?"
"முழிச்சிடுச்சு மேடம்.
புருசங்காரன் கட்டில விட்டு நகர மாட்டேங்கறான்.
நாம எது கேட்டாலும் அவனே பதில் சொல்றான்."

பேனாவைத் திறந்தேன்.
மூன்று அங்குலம் போதவில்லை.
தாளைத் திருப்பிக்கொண்டேன்.