அரை மீட்டர் சட்டம்

பிளாஸ்டிக் குழாய் நான்கு துண்டு, முழங்கை நான்கு,
கேணிக்கரை ஹார்டுவேர் கடையில் நூற்று அறுபது ரூபாய்.
"எதுக்கும்மா, டேங்க் கனெக்ஷனா?"
புல் எண்ண என்றேன்.
சிரித்துக்கொண்டே பில் போட மறந்தார்.
பில் இல்லாத நூற்று அறுபதை
அலுவலகம் இன்றுவரை தரவில்லை.

அரை மீட்டருக்கு அரை மீட்டர்.
தேவிபட்டினத்துக் கடலடியில் இதை விரித்து
உள்ளே எத்தனை இலை, எத்தனை கணு, எத்தனை சங்கு
என்று எண்ணி எழுதுவது என் வேலை.
ஆவுளியாவின் மேய்ச்சல் காட்டுக்கு
நான் கிராமக் கணக்கு.
சொந்தக்காரர்களுக்கு இது புரிவதில்லை.
"மிருக டாக்டர்தானே" என்று
சினையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல்
அதே சட்டத்தால் அறையை அளந்தேன்.
பத்துக்குப் பத்து. முப்பத்தேழு சட்டம்.
வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு:
சட்டம் ஒன்றுக்கு நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் சொச்சம்.
நான் நின்று பார்த்தேயிராத, கட்டிலுக்கடியில் கிடக்கும்
ஏழு சட்டத்துக்கும் சேர்த்து.

சம்பளம் என்று சொல்லக் கூடாதாம், உதவித்தொகை.
முப்பத்தோராயிரம். வீட்டுப்படி எட்டு விழுக்காடு.
இது கடைசி வகுப்பு நகரமாம், செலவு குறைவாம்.
எழுதியவர் இங்கே
ஒரு குடம் தண்ணீர் வாங்கியிருக்க மாட்டார்.
வண்டி காலை ஆறரைக்கு. குடம் பதினைந்து.
குழாயில் வருவது கடலுக்குத் தம்பி;
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
வெள்ளைச் சட்டை நாலு மாதத்தில் பழுத்துப்போகும்.

அந்தத் தொகையும் மாதாமாதம் இல்லை.
பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும்,
கையெழுத்தாக வேண்டும், பிழை என்று திரும்ப வேண்டும்,
பிறகு மறுபடி போக வேண்டும்.
ஐந்து மாதம்.
"கவர்மெண்டு வேலைன்னுதானே வீடு விட்டேன்"
என்கிறார் பூமயில் அக்கா, என்னிடம் அல்ல,
கொடியில் காயும் போர்வையிடம்.

நாகூர்பிச்சையின் படகுக்கு டீசல் கடன் வேறு.
அணியத்தில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டார்,
மாசம் எவ்வளவு என்று. சொன்னேன்.
விரலை மடக்கினார்.
"மூணு நல்ல கணவாய்ப் பாட்டுக்கு வரும்."
கொஞ்சம் கழித்து,
"நல்ல பாடு வந்து எம்புட்டு நாளாச்சு" என்றார்.
இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாடை எழுந்தால் கடல் கலங்கிவிடும்.
அதற்குள் முடிக்க வேண்டிய கடைசி வரிசை அது.
பதினோராவது சட்டத்தை வைக்கக் குனிந்தபோது
புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வெறும் மண்,
வளைந்து வளைந்து, நெடுக.
இரண்டு பக்கமும் கிள்ளிய நுனிகள் இன்னும் பச்சை.
மண் தூசி தண்ணீரில் அப்படியே நின்றது,
சாப்பிட்டுவிட்டு இப்போதுதான்
கை கழுவ எழுந்து போனதுபோல.
காற்று தீரும்வரை காத்திருந்தேன்.
வரவில்லை.

மேலே வந்ததும், "போனு கத்துச்சு, பேங்குபோல" என்றார்.
ஈரக் கையால் அழுத்தினேன்.
குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு
இருநூற்று முப்பத்தாறு பிடித்திருந்தார்கள்.
படிவத்தில் எழுதினேன்:
விலங்கு காணப்படவில்லை. தடம் மட்டும். புதியது.
"டீசல் காசு பொறவு பாத்துக்கலாம்" என்றவர்
நங்கூரத்தை இழுத்தார். நாளைக்கும் வருவாயா
என்று கேட்கவில்லை. காலை ஐந்துக்கு என்றார்.

இப்போது சட்டம் அறைச் சுவரில், ஆணியில்.
உப்பு பூத்து வெளுத்திருக்கிறது.
உள்ளே பல்லி ஒன்று.
அடர்த்தி, சதுர மீட்டருக்கு நான்கு.
வாடகை தராமல்
டியூப்லைட் பக்கம் நகர்கிறது.