இரண்டு விரற்கடை

எத்தனை குழாய் என்று கேட்கிறார்
கனடாவிலிருந்து ஒருவர்.
முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில்
பிளாஸ்டிக்கில் அந்த வண்டியைச் செய்கிறாராம்.
கையிலிருப்பது ஒரேயொரு படம்,
அதிலும் பாதிக்கு மேல் கண்டல் மரம்.

ஆறு, என்றேன்.
தண்ணீர்க் குழாய்தான், நாலங்குலம்.
கைவிட்ட நீர்த்தாங்கி ஒன்றிலிருந்து
இரவோடிரவாகக் கழற்றி வந்தவை.
கீழே புல்டோசரின் சங்கிலி.
பக்கத்துக்கு நாலாக எட்டு டீசல் பரல்.
தகரத்துக்குப் பின்னால்
ரயில் வராத பாதையின் தண்டவாளத் துண்டுகள்.

நிறம்?
கூட்டுறவுச் சங்கக் கதவுக்கு வாங்கி
மிஞ்சிய நீலம்.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
ரொக்கெற் அடிக்கிற வண்டி நீலமாயிருக்குமோ என்கிறார்.
இருந்தது, தம்பி.
சேறு பூசும் வரைக்கும் இருந்தது.

நான் அதை வரைந்தவள்.
கட்டடம் வரையப் படிக்கப் போய்
முதலாம் ஆண்டோடு கல்லூரி பூட்டிக்கொண்டது.
கைதடியில், கூரை போன அரிசி ஆலைக்குள்
ஜாம்போத்தல் விளக்கு இரண்டை வைத்து
ஆக்கிமிடீசை விடிய விடிய அழித்தழித்து எழுதினேன்.
வண்டியின் நிறை பதினொன்றரைத் தொன்.
இடம்பெயரும் நீர் பதினொன்றரைத் தொன்.
இடம்பெயர்தல் என்ற சொல்லை
அப்போது நாங்கள் நீருக்குப் பாவித்தது
அந்தத் தாளில் மட்டும்தான்.

ஆவணி வெயிலில்
கடல்நீரேரியில் ஒரு போத்தல் அள்ளி
மருந்துக்கடைத் தராசில் நிறுத்தேன்.
கரையெல்லாம் உப்புப் பூத்த மாதம்.
தண்ணீர் கனம்.
அந்த எண்ணை வைத்துத்தான்
சாரதியின் பார்வைத் துவாரத்தை
இந்த உயரத்தில் வெட்டுங்கோ என்று
சோக்கட்டியால் கோடு போட்டேன்.

வண்டி இறங்கியது மார்கழியில்.
ஐப்பசி கார்த்திகை பெய்ததெல்லாம்
ஏரிக்குள் நின்றது.
ஓட்ட வந்தவன் எமிலியன், குருநகர்ப் பொடியன்.
விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான்.
"அக்கா, பச்சத் தண்ணியாக் கிடக்கு.
இதில மிதக்குமோ?"

என் கையில் தாள் இருந்தது.
மிதக்கும் என்றேன்.

மிதந்தது.
அதை ஒருவரும் எழுதுவதில்லை,
நீங்கள் பெட்டி மூடியிலாவது எழுதுங்கோ:
அறுபது மீற்றர் மிதந்தது,
எருமை நீந்துமாப்போல
மூக்கை மட்டும் வெளியே விட்டு.
கணக்கிலும் இரண்டு விரற்கடை தாழ்ந்துதான்.
கரையில் நின்ற ஏழு பேரும் கை தட்டவில்லை.
சத்தம் போடக்கூடாதென்று கட்டளை.

பிறகு வாடை சற்றுப் புரண்டது.
சிற்றலைதான்.
தோணி என்றால் கவனித்தே இராது.
துவாரம் கவனித்தது.

அந்த இடத்தில் ஆழம் ஒன்பதடி.
மேல் மூடியை
வெளிப்பக்கம் திறக்கத்தான் வரைந்திருந்தேன்.
கட்டடத்தில் கதவுகள்
எப்படித் திறந்தாலும் திறக்கும்.

குழாய்கள் ஆறும் அன்றைக்கு வெறுமை.
அவை பார்த்த பக்கம் எது என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
அக்கரையிலும்
அந்த நேரத்துக்கு யாரோ
தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.
அது சரியாக வேலை செய்திருந்தால்
வேறு கணக்கு.
அதற்கும் நான்தான் ஆள்.

இப்போது அவர் கேட்பது,
சங்கிலியில் எத்தனை பல்,
ஒட்டுத் தழும்பு எந்தப் பக்கம்,
துரு எப்படி, கறுப்பா செம்மையா.
எல்லாம் சொன்னேன்.
அக்காவுக்கு நல்ல ஞாபகம் என்கிறார்.
உள்ளே ஆள் வைக்கிறதில்லையாம்.
அளவு காட்ட
வெளியில் ஒருவரை நிறுத்துவாராம்,
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

சரி, நிறுத்துங்கோ.

மேல் மூடியை மட்டும்
பசை போட்டு ஒட்டிப்போடாதீங்கோ, தம்பி.
ஏலுமென்றால்
உட்பக்கம் திறக்க விடுங்கோ.