இடது பக்கம் மட்டும்

இடது பக்கத்துக்கு ஒன்று போதும் என்றார்
முனிரத்தினம்.
துறைமுக யார்டில் ரிவர்ஸ் எடுத்தபோது
டயரே மிதித்து இழுத்துக்கொண்டதாம்.
தொங்கிய மீதியைக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு
மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்.
"சேறு நம்ம மேலயா படுது?
பின்னாடி வர்றவன் மேலதான?"
நேற்று எர்ணாவூர் பாலத்தடியில்
ஐந்நூறு அபராதம் எழுதிய பிறகுதான்
சாத்தாங்காட்டில் இப்படி ஒரு கடை இருப்பது
அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

எடுத்துப் போட்டேன்.
பிளாஸ்டிக், மலிவு,
மணலி வெயிலுக்கு ஒரே சித்திரையில் சுருண்டுகொள்ளும்.
புது ரப்பர் நல்லது. விலையைச் சொன்னதும்
அவர் வேறு பக்கம் பார்த்தார்.
நிலக்கரி பெல்ட்டில் வெட்டியது
உள்ளே நூல் ஓடியது, கிழியவே கிழியாது,
ஆனால் கனம்,
விழுந்தால் பிராக்கெட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழும்.
அதற்காக இளைத்ததை மாட்டினாலோ
அறுபதில் போகும்போது காற்றில் படுத்துவிடும்.
படுத்த பிறகு அது மட் ஃபிளாப் இல்லை,
வால்.

"மடிச்சுப் பிடிச்சு விடுங்க" என்றேன்.
"தானா நிமிரணும். அவசரப்பட்டு நிமிரக் கூடாது."

அவர் மடித்துப் பார்த்தது எதையும் வாங்கவில்லை.
எடைக்குப் போன வண்டிகளிலிருந்து கழற்றிய
குவியலைச் செருப்புக் காலால் கிளறி
ஒன்றை இழுத்தார்.
வெள்ளைப் பெயிண்டில் 'மகள்'.
அதன் ஜோடியில் 'பரிசு' என்று இருந்தது,
போன மாதம் மீஞ்சூர் மணல் லாரிக்காரன் வாங்கிப் போனான்.
அவன் இடது பக்கத்தில் என்ன எழுதியிருந்தது
என்று அன்று நான் பார்க்கவில்லை.

"முந்நூறு."
"இருநூறு."
"இருநூத்தம்பது, நட்டு போல்ட்டோட."

பழைய போல்ட் கழலவில்லை.
உப்புக் காற்றில் எது நட்டு எது துரு என்று
பிரிக்க முடியாதபடி ஆகியிருந்தது.
கிரைண்டர் வைத்தேன், பொறி பறந்தது, அவர் நகர்ந்துகொண்டார்.
டயருக்கும் ரப்பருக்கும் நடுவே என் கை
முழங்கை வரை தாராளமாக நுழைந்தது. இனி மிதிக்காது.
தரையிலிருந்து ஒரு சாண் என்பார்கள் எல்லோரும்,
காலி டிரெய்லரை நம்பக் கூடாது,
இருபது டன் ஏறியதும் உட்கார்ந்துவிடும்.
சாணோடு நாலு விரல் சேர்த்துக் குறித்தேன்.
நாலு ஓட்டை. பின்னால் இரும்புப் பட்டை.
வாஷர் பெரிசாகப் போட்டேன்,
ரப்பர் கிழிவது எப்போதும்
ஓட்டையிலிருந்துதான்.

பத்தடி தள்ளிப் போய்ப் படித்தார்.
அறுத்தெறிந்ததில் 'எல்லையம்மன்' என்று இருந்ததாம்.
இப்போது
மகள் துணை.
"எனுக்கு ரெண்டுமே பையன்மா" என்று சிரித்தார்.
"மாத்தி எழுதிக் குடுப்பியா?"
"பெயிண்டர் மூலக்கடையில இருக்காரு.
நான் ரப்பரு மட்டும்தான்."
இருநூற்று நாற்பது எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து
ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது பிடித்த மழை
வண்டி சூடாவதற்குள் சாலையை மறைத்துவிட்டது.
முன்னால் கன்டெய்னர் வரிசை,
பிரேக் விளக்குகளின் சிவப்பு தண்ணீரில் கலங்கிக் கலங்கி.
அதில் ஒன்று, இடமிருந்து வலம்,
எனக்குப் பழக்கமான எழுத்து.
பாரம் ஏறியிருந்தது. அடிவிளிம்பு தரையைத் தொடவில்லை.
நாலு விரல் கணக்கு சரிதான்.
சக்கரம் வாரி எறிந்த தண்ணீர் ரப்பரில் மோதி
நேராகக் கீழே இறங்கியது.
முந்த இடமிருந்தும் முந்தாமல்
அரை கிலோமீட்டர்
அதன் பின்னாலேயே ஓட்டினேன்,
ரெயின்கோட்டின் தொப்பியைக்கூட இழுத்துவிடாமல்.

அது துறைமுகப் பக்கம் திரும்பிய நிமிடம்
வலப்புறம் ஒரு டிப்பர் கடந்தது.
தலையிலிருந்து சீட் வரைக்கும்
ஒரே வீச்சு.
கண்ணாடியைத் துடைத்தேன்.
வாயில் சாம்பலும் டீசலும் கரகரத்தன.
பின்னால் இரண்டு பக்கமும் காலி, வெறும் பிராக்கெட்.
நம்பரை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஐந்நூறு.
நட்டு போல்ட்டோடு.