ஏழாம் எண் கிணறு

திங்கள்சந்தைக்கு நான் போவது புதன்கிழமைகளில்.
கயிற்றில் கட்டிய குழாய்த்துண்டை இறக்கி
தங்கநேசத்தின் கிணற்றில் கொஞ்சம் மோந்து
சிறு குப்பியில் விளிம்பு முட்ட நிரப்பி
மூடி, கவிழ்த்து, சுண்டிப் பார்ப்பேன்.
ஒரு குமிழ் மிதந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி.
அந்தக் காற்றுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்
நான் எண்ண வந்தது.

முதலில் கண்டுபிடித்தது நாங்களில்லை.
"வெள்ளத்துல மண்ணெண்ண வாட அடிக்கி" என்று
முந்திரி ஆலைக்கு லீவு போட்டு அவர் போய்ச் சொன்னபோது
வாளியைக் கழுவச் சொல்லி அனுப்பினார்கள்.
மறுநாள் சோறு வடித்த கஞ்சியையே கொண்டுபோய்
மேசையில் வைத்தார்.

மேட்டில் பெட்ரோல் பங்க்.
மண்ணுக்குள் தொட்டி. தொட்டியில் துரு தின்ற ஓட்டை,
கடுகுமணி அளவு.
நிலத்தடியில் நீர் நாளொன்றுக்கு
ஒரு சாண்கூட நடப்பதில்லை.
அவசரமே இல்லாமல் வந்திருக்கிறது
ரப்பர் தோட்டத்துக்குக் கீழே,
கல்லறைகளுக்குக் கீழே,
யார் எல்லைக்கல்லையும் கேட்காமல்.

தொட்டியைத் தோண்டி எடுத்தோம்.
இரவும் பகலும் மோட்டார் இழுத்தது.
உயரக் கோபுரத்தில் ஏறி வெள்ளம் சிதறி விழ
எதிரே ஊதும் காற்று பாதியைப் பிடுங்கும்.
மீதிக்குக் கரி.
"என்ன கரி பிள்ளே?"
சிரட்டைக் கரி.
"அதுக்கா இத்தன லெச்சம்?"
அவர் அடுப்படியில் சிரட்டை குவிந்து கிடந்தது.
நீராவியில் சுட்டு, உடம்பெல்லாம் துளையாக்கி என்று
ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

இருபத்தாறாம் மாதம் தாளில் வந்தது:
கண்டறியும் அளவுக்குக் கீழ்.
மோட்டாரை நிறுத்தினோம்.
பங்க்காரர் கிளாட்சன் லட்டு வாங்கிவந்தார்.
தங்கநேசம் ஒரு டம்ளர் கோரி நீட்டினார்.
"நீ முதல்ல குடி."
எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.
கை மட்டும் கொஞ்சம் யோசித்தது.
அவர் அதைப் பார்த்தார்.
குடித்தேன். வெறும் வெள்ளம்.

ஐப்பசியில் நீர்மட்டம் ஏறியது.
சரளை இடுக்கில் மண் பிடித்து வைத்திருந்ததை
மெல்ல விட்டது.
பத்துக்கு மேல் போகக் கூடாது.
பதினான்கு.

நேரில் போய்ச் சொன்னேன்.
திட்டுக்குக் காத்து நின்றேன்.
"அன்னைக்கே ஒன் கை சொல்லிச்சே" என்றுவிட்டு
லாரி வெள்ளத்துக்குக் குடத்தை எடுத்தார்.

மோட்டார் மறுபடி ஓடுகிறது. கரி புதிது.
புதன்கிழமை குப்பியைக் கவிழ்க்கையில்
இப்போது அவரும் குனிந்து,
கண்ணைச் சுருக்கி, வெயிலுக்கு எதிரே பார்க்கிறார்.
"கெடக்கு. அந்தா, ஒண்ணு கெடக்கு.
கொட்டு."